பதற்றம் இருந்ததோ, பிள்ளை?

எங்கள் கிளினிக்குக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கிடைத்திருக்கிறது!

போன வியாழக்கிழமை சுகாதாரக் கந்தோரிலிருந்து கொண்டுவந்து தந்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டது. மூன்று மொழியிலும் எழுதி, கீழே நீல மையில் ஒரு கையெழுத்து. கொண்டுவந்த ஐயா வெள்ளைச் சேர்ட், கறுப்புச் சப்பாத்து. வாங்கில் வரிசையாக இருந்த பிள்ளைத்தாச்சிமாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கடிதத்தை வாசித்தார். கர்ப்பிணித் தாய்மாரின் மனநிலையைக் கேட்டுப் பதியச் சொல்லிப் பல கிளினிக்குகளுக்குப் போர்ம் கொடுத்தார்களாம். ஒரு கேள்விகூட விடுபடாமல் நிரப்பி அனுப்பியது எங்களுடைய கிளினிக்தானாம். அது மட்டுமல்ல, ஒரு தாய்க்குக்கூட மனதில் பிரச்சினை இல்லை என்று வந்ததும் எங்களிடம்தானாம்.

எல்லாரும் கை தட்டினார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட, பிடித்த கையை எடுத்துத் தட்டினார்கள்.

"ஆர் இந்தக் கேள்வியளைக் கேட்டது?" என்றார் ஐயா.

எங்கள் மிஸ்ஸி — மருத்துவமாதுவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவது — திரும்பி என்னைத் தேடினார். நான் நிறை பார்க்கிற மெஷினுக்குப் பின்னால் நின்றேன். நான் எப்போதும் நிற்கிற இடம் அதுதான்.

"அன்ரி, வெளியில வாங்கோ. வெக்கப்படாதீங்கோ."

"நீங்களோ அம்மா? எப்பிடிக் கேட்டனீங்கள்? மற்ற இடங்களில ஒரே அழுகையாம். இஞ்ச மட்டும் எல்லாரும் சந்தோசமா இருக்கினம். என்ன மந்திரம் போட்டனீங்கள்?"

வாங்கில் சிரிப்பு. கீழே பார்த்தேன். மெஷினின் முள் பூச்சியத்தில் நின்றது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அடக்கமான மனிசி," என்று மிஸ்ஸியிடம் சொல்லிவிட்டு ஐயா ஜீப்பில் ஏறிப் போனார்.

அவருக்குச் சொல்லாத பதிலைத்தான் இன்றைக்கு உங்களுக்கு எழுதுகிறேன். வாயில் வராததை எல்லாம் பேப்பரின் இந்தப் பக்கத்தில்தானே கொண்டுவந்து வைக்கிறேன்... இதையும் வைக்கிறேன்.

மந்திரம் ஒன்றும் இல்லை ஐயா. ஒரு கேள்வியைப் பிழையாகக் கேட்டேன். இன்னொரு கேள்வியைக் கேட்கவே இல்லை. அவ்வளவுதான்!

கிளினிக்கின் பெயரை எழுத வேண்டாம் என்று மிஸ்ஸி சொல்லியிருக்கிறார். திருகோணமலையில் பாலையூற்றுப் பக்கம் என்பதோடு விடுகிறேன். ஒரு மேசை, இரண்டு கதிரை, மூன்று வாங்கு, ஒரு திரைச்சீலை. அந்த இடத்தைக் கூட்டித் துடைத்துத்தான் நான் பென்சன் எடுத்தேன். எனக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. வேலைக்கு ஆள் போடும் காலமா இது? அதனால் வியாழக்கிழமைகளில் இன்னும் போகிறேன். நிறை பார்ப்பேன். தாய்மாரின் கிளினிக் காட்களை வரிசையாக அடுக்குவேன். வந்தவர்களுக்குத் திரிபோசாச் சத்துமாப் பைக்கற் எடுத்துக் கொடுப்பேன்.

முந்தி மூன்று மிஸ்ஸிமார் இருந்தார்கள். இரண்டு பேர் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களில் குற்றம் சொல்ல ஏலாது. ஆமிக்காரர் மறிக்கிற சென்றிக்குச் சென்றி இறங்கி ஏறி, சைக்கிளில் பேறு பார்க்கப் போய் வந்தவர்கள். எத்தனை நாளைக்குத்தான்? மிச்சம் இருப்பவர் இவர் ஒருவர்.

மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி ஒருநாள், டவுனில் அரைநாள் பயிற்சிக்குப் போய்விட்டுக் கட்டுக் கட்டாகப் போர்ம்களோடு வந்தார்.

"பிள்ளையின்ர துடிப்பை மட்டும் பாத்தாப் போதாதாம் அன்ரி. தாயின்ர மனதையும் பாக்க வேணுமாம்."

"நல்ல விசயம்தானே மிஸ்ஸி?"

"நல்ல விசயம்தான். ஆனா ஒரு ஆளுக்குப் பத்துக் கேள்வி. நான் பிறஷர் பாக்கிறதோ, ஊசி போடுறதோ, இதைக் கேக்கிறதோ? நீங்கள் கேளுங்கோவன். பேப்பரில எல்லாம் எழுதுறீங்கள்தானே."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் சந்தோசமாகத்தான் வாங்கினேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தத் தாள் பிடித்திருந்தது. ஒரு பிள்ளைத்தாச்சியின் மனதைப் பற்றி அரசாங்கத் தாளில் அச்சடித்து நான் கண்டது அதுதான் முதல்.

அதில் மூன்றாவதோ நாலாவதோ கேள்வி இப்படி இருந்தது: ‘கடந்த இரு வாரங்களில் தாங்கள் பதற்ற உணர்வுக்கு ஆளாகியுள்ளீர்களா?’

இது யாருக்கு விளங்கும்?

நீங்கள்தானே எனக்குக் கடிதம் போடுகிறீர்கள், எளிமையாக எழுதுகிறேன் என்று. ‘பக்கத்து வீட்டில் இருந்து கதைக்கிற மாதிரி இருக்கிறது’ என்று உப்புவெளியிலிருந்து ஒருவர் எழுதிய கடிதம் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அந்தப் பெருமை தலைக்குள் இருந்தது. கொழும்பில் யாரோ கஷ்டப்பட்டு எழுதிய தமிழை நான் லேசாக்கினேன்.

"இந்த ரெண்டு கிழமையும் பதற்றம் இருந்ததோ, பிள்ளை?"

சொல்லிப் பாருங்கள். நல்ல தமிழ்தானே? எங்கேயாவது பிழை தெரிகிறதா?

வாங்கில் முதலாவதாக இருந்தவர் பரீதா. கிண்ணியாவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட பிள்ளை. மூன்றாவது வயிறு. யாரையும் சிரிக்க வைப்பார்.

"பதற்றமா? இல்லம்மா. முந்தின கிழமதான் கொஞ்சம். இப்ப மார்க்கட்டெல்லாம் தொறந்துதானே இரிக்கி."

‘இல்லை’ கட்டத்தில் புள்ளடி போட்டேன்.

அடுத்தவர்: "செவ்வாய்க்கிழமை சந்தியில கொஞ்சம் பதற்றம் அன்ரி. எல்லாரையும் இறக்கிச் செக் பண்ணினவங்கள். பேந்து சரி."

பேந்து சரி என்றால் இல்லைதானே? புள்ளடி.

மூன்றாவது பிள்ளை: "எங்கட பக்கம் இல்லை. உப்புவெளிப் பக்கம்தான் எண்டு கதைச்சினம்."

புள்ளடி.

சிரிக்கிறீர்களா? எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் எனக்கும் அந்தச் சொல் அப்படித்தான் விளங்கியது. இந்தப் பேப்பரையே எடுத்துப் பாருங்கள் — நகரில் பதற்றம், சந்தியில் பதற்றம், பதற்றம் நீடிக்கிறது, பதற்றம் தணிந்தது... எத்தனை வருசமாக வாசிக்கிறோம்! எங்களுக்குக் காய்ச்சல் என்றால் மனிதருக்கு வருவது. பதற்றம் என்றால் ஊருக்கு வருவது. ஒரு பெண்பிள்ளைக்குத் தனியாக, சும்மா வீட்டில் இருக்கும்போது பதற்றம் வரலாம் என்பதையே மறந்துபோனோம்.

மற்றக் கேள்விகளும் இப்படித்தான் போயின.

"நித்திரை வருதோ?"

"ஹெலி சுத்தாட்டி வரும்."

"சிரிக்க ஏலுதோ?"

"நீங்க கேக்கிற கேள்விக்குச் சிரிக்காம என்னம்மா செய்யிற?" — இது பரீதா. வாங்கே குலுங்கியது. ஆகவே, ஓம், சிரிக்க முடிகிறது.

"கவலை இருக்கோ?" என்று ஒருத்தியிடம் கேட்டேன். முகம் கறுத்துவிட்டது.

"கவலையில்லாத ஆக்களை எனக்குக் காட்டுங்கோ பாப்பம். ஏன் கேக்கிறீங்கள்? எனக்கு விசரெண்டு எழுதி அனுப்பப் போறீங்களோ?"

"இல்லை, இல்லை," என்று பயந்து அதற்கும் ‘இல்லை’ போட்டேன்.

பத்தாவது கேள்வியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அதை ஒருத்தரிடமும் நான் கேட்கவில்லை. உயிரை விடுகிற எண்ணம் வந்ததா என்று கேட்கிற கேள்வி. இப்போது எழுதும்போதுகூடக் கை தயங்குகிறது. பிள்ளைத்தாச்சிக்கு முன்னால் சாவு என்ற சொல்லே எடுக்கக் கூடாது என்றுதானே எங்களை வளர்த்தார்கள். செத்த வீட்டு வாசலில் அவளை நிற்க விடமாட்டோம். பிரேதம் போகிற தெருவில் அவளைக் கூட்டிப் போகமாட்டோம். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் பிரேதம் போகவில்லை, சொல்லுங்கள்! ஆனாலும் சொல்லை மட்டும் எடுக்கமாட்டோம். நானும் எடுக்கவில்லை. எல்லாத் தாளிலும் பத்தாவது கட்டத்தில் ‘இல்லை’ என்று நானே போட்டேன்.

ஒரு கேள்விகூட விடுபடாமல்!

மூன்றாவது வியாழக்கிழமைதான் தவமலர் என் கதிரைக்கு முன்னால் வந்து இருந்தாள்.

திரியாய்ப் பிள்ளை. ஏழு மாதம். கணவன் பாலையூற்று ஆள். திரியாயில் அவளோடு வயல் செய்துகொண்டு இருந்தவன். ஒருநாள் காலையில் டவுனுக்கு என்று பஸ் ஏறினான். டவுனுக்கு வரவும் இல்லை, வீட்டுக்குத் திரும்பவும் இல்லை. எங்கேயோ வழியில் இறக்கினார்கள் என்று ஒருவர் சொன்னாராம். சொன்னவரும் பிறகு அப்படிச் சொல்லவில்லை என்றாராம். தவமலர் அவனைத் தேடிக்கொண்டு மாமியார் வீட்டுக்கு வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். மாமியார் மகனுடைய படத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக்கொண்டு முகாம் முகாமாகத் திரிகிறவர். மருமகளைக் கிளினிக்குக்குக் கூட்டி வருவதும் அவர்தான். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவரே கதைப்பார்.

தவமலருடைய நிறை போன மாதம் நின்ற இடத்திலேயே நின்றது. ஏழு மாதத்தில் அப்படி நிற்கக் கூடாது. மிஸ்ஸி அவளுடைய கிளினிக் காட்டில் ‘சாப்பாடு கூட்டவும்’ என்று எழுதினார். திரிபோசாப் பைக்கற்றை வாங்கில் வைத்துவிட்டு எழும்பிப் போவது அவள் வழக்கம். மாமியார்தான் திரும்பி வந்து எடுப்பார்.

"இவள் ஒருநாளைக்குத் தலையையும் வாங்கில விட்டிட்டு வருவாள்," என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். தவமலரும் உதட்டை அசைப்பாள்.

நான் தாளை எடுத்தேன்.

"இந்த ரெண்டு கிழமையும் பதற்றம் இருந்ததோ, பிள்ளை?"

அவள் யன்னலால் றோட்டைப் பார்த்தாள்.

"இல்லை அன்ரி. பஸ் எல்லாம் ஓடுது. சனம் போகுது, வருது."

"அப்ப நல்லதுதானே."

"நல்லதில்லை அன்ரி."

என் பேனை நின்றுவிட்டது.

"பதற்றமெண்டாத்தான் எனக்குச் சுகம். கடையெல்லாம் பூட்டியிருக்கும். எல்லாரும் என்னை மாதிரிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளுக்கை இருப்பினம். பஸ் ஓடினாத்தான் ஏலாது. ஒவ்வொரு பஸ்ஸும் வந்து நிக்கும். ஆக்கள் இறங்குவினம். இறங்கி முடிய, பஸ் போயிரும்..."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?" மாமியார் குடையால் வாங்கில் தட்டினார். "அன்ரி கேட்டதுக்கு ஓமோ இல்லையோ எண்டு சொல்லிப்போட்டு எழும்பு. ஆக்கள் காத்துக்கொண்டிருக்கினம்."

"இல்லை," என்றாள் தவமலர்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தத் தாள் கேட்டது ஊரை அல்ல. இந்தப் பிள்ளையை. மூன்று கிழமையாக நான் ஒவ்வொருத்தியிடமும் சந்தியைப் பற்றியும் மார்க்கட்டைப் பற்றியும் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது விளங்கிவிட்டதே, கேட்டிருக்கலாம்தானே? ‘ஊரை விடு, உனக்குள்ள என்ன பிள்ளை?’ — இவ்வளவுதான். ஒரு மூச்சில் முடிகிற வரி. பின்னால் வாங்கு நிறைய ஆட்கள். பக்கத்தில் மாமியார். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மிஸ்ஸி, "அன்ரி, கெதியா!" நாலு பேருக்கு முன்னால் ஒரு கேள்வியை இரண்டாம் தரம் கேட்க வராத ஆட்கள் உலகத்தில் இருக்கிறோம். அப்படியான ஆட்கள் வாசகர்களில் இருந்தால் உங்களுக்குத் தெரியும். வெட்கம் என்பது பெரிய குற்றம் இல்லை என்றுதான் இவ்வளவு வயதும் நினைத்திருந்தேன்.

‘இல்லை’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். பத்தாவது கட்டத்திலும் போட்டேன். அடுத்த முறை கேட்போம், மாமியார் இல்லாத நேரம் பார்த்து ஆறுதலாகக் கேட்போம் என்று எனக்கு நானே சொன்னேன்.

அன்றைக்கும் அவள் பைக்கற்றை விட்டுவிட்டுத்தான் போனாள். நான் படலை வரைக்கும் ஓடிப்போய்க் கையில் கொடுத்தேன்.

"இது பிள்ளைக்கோ அன்ரி, எனக்கோ?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"மூண்டு பேர் அன்ரி," என்றாள்.

நான் திரும்பி வந்து அடுத்த பிள்ளையை நிறை பார்க்க ஏற்றினேன்.

நிறை ஏறாதபடியால் மிஸ்ஸி அவளை அடுத்த வியாழனே வரச் சொல்லியிருந்தார். அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் சோறு காய்ச்சும்போதும் முற்றம் கூட்டும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகினேன். ‘ஊரைக் கேக்கேல்லைப் பிள்ளை, உன்னைக் கேக்கிறன்.’ பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு பாடமாக்கின மாதிரி.

வியாழக்கிழமை விடிந்தது. காலையில் சந்தியில் ஏதோ நடந்துவிட்டது. கடைகள் பூட்டு. பஸ் இல்லை. கிளினிக்கும் இல்லை. நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் குசினிக்குள் இருந்தேன். உண்மையைத்தான் எழுதுகிறேன்... எனக்கு நிம்மதியாக இருந்தது. கேட்காமல் விடுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை எல்லாம் திறந்தது. நானும் கிளினிக்கைக் கூட்டப் போனேன். கதவுக் கம்பியில் ஒரு பொலித்தீன் பை கட்டித் தொங்கியது. காற்றுக்குப் பறக்காதபடி இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே ஒரு கிளினிக் காட். தவமலருடையது.

எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. பைக்கற்றை மறக்கிறவள் இப்போது காட்டையும் மறந்துவிட்டாள் என்று. மறந்து விட்டவள் ஏன் இறுக்கிக் கட்டுகிறாள் என்று அப்போது எனக்கு ஓடவில்லை.

பத்து மணி போல மாமியார் வந்தார். கையில் குடை இல்லை. படம் இல்லை. செருப்பும் இல்லை.

"நேற்று இஞ்ச வந்தவளோ?"

"நேற்றுப் பூட்டெல்லோ அக்கா."

"நானும் அதைத்தான் சொன்னனான். பதற்றமா இருக்கு, இண்டைக்குக் கிளினிக் இராதெண்டு. ‘இண்டைக்கு எனக்குப் பயமில்லை மாமி, றோட்டில ஒருத்தரும் இல்லை’ எண்டு சொல்லிப்போட்டு நடந்தவள். நான் ஆமிக்காரருக்குப் பயந்து பின்னால போகேல்லை. போகேல்லை..."

அன்று பின்னேரம் உப்புவெளிக் கரையில் கடல் அவளைக் கொண்டுவந்து விட்டது. வேறெந்த நாளாக இருந்தாலும் அந்தக் கரையில் வலை இழுக்கிற ஆட்கள் நிற்பார்கள். யாராவது கண்டிருப்பார்கள், கூப்பிட்டிருப்பார்கள். வியாழக்கிழமை பதற்றம். கடலுக்கு ஒருவரும் போகவில்லை.

மூன்று பேர் என்றாளே... கடல் இரண்டு பேரைத் திருப்பித் தந்தது. மூன்றாவது ஆளைத் தேடி மாமியார் இன்னும் படத்தோடு திரிகிறார்.

அந்தப் பூட்டின கதவுக்கு முன்னால் தவமலர் எவ்வளவு நேரம் நின்றிருப்பாள்? ஏதாவது சொல்லத்தான் வந்தாளா? கதவு திறந்திருந்து நான் உள்ளே இருந்திருந்தால், பாடமாக்கின அந்த வரி என் வாயிலிருந்து வந்திருக்குமா?

வந்திருக்கும் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுத ஏலாமல் இருக்கிறது.

எல்லாவற்றையும் மிஸ்ஸியிடம் சொன்னேன். பதற்றத்தைச் சொன்னேன், பத்தாவது கேள்வியைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. ஒரு வெறும் போர்மை எடுத்துக் கடைசி வரியைக் காட்டினார்.

"இதை வாசியுங்கோ அன்ரி."

‘அனுப்ப வேண்டிய இடம்’ என்று இருந்தது. அதற்குப் பிறகு நீளத்துக்குப் புள்ளிகள்.

"நீங்கள் எல்லாத்துக்கும் ஓம் எண்டு போட்டிருந்தா, நான் இந்தப் புள்ளிக் கோட்டில என்ன எழுதுறது? பயிற்சியில கேட்டனான். பிறகு அறிவிக்கிறம் எண்டவை. இன்னும் அறிவிக்கேல்லை."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். இப்படி ஒரு ஆறுதலை நீங்கள் யாராவது கேட்டிருக்கிறீர்களா?

தவமலருடைய தாளைத் திருத்தலாம் என்று தேடினேன். கட்டோடு கட்டாக அனுப்பியாகிவிட்டது.

அதற்குப் பிறகு சரியாகக் கேட்கத் தொடங்கினேன். எப்படி வாய் வந்தது என்று தெரியாது. வந்தது. ஆறு கிழமை பிந்தி வந்தது.

"ஊரைக் கேக்கேல்லைப் பிள்ளை, உன்னைக் கேக்கிறன். உனக்குள்ள எப்பிடி இருக்கு?"

முதலாவது ஆள் அன்றைக்கும் பரீதாதான். ஏதோ பகிடி சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"என்னய இப்பிடி இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல்லியேம்மா," என்றார். பிறகு முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் ஆடியது.

அடுத்த பிள்ளை நான் கேட்கும் முன்னமே அழத் தொடங்கிவிட்டாள். அதற்கு அடுத்தவளும். அன்றைக்குக் கிளினிக் முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. நிறைந்த தாள்களை மிஸ்ஸி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓம், ஓம், ஓம்...

"எல்லாரையும் முடிச்சிட்டீங்கள்தானே அன்ரி," என்றார். "என்னையும் ஒருக்காக் கேளுங்கோ."

பகிடிக்குத்தான் சொன்னார். நான் கேட்டேன். அவர் பிறஷர் பார்க்கிற பட்டியைச் சுருட்டிச் சுருட்டி வைத்துக்கொண்டே இருந்தார்.

சரி, கேட்டாயிற்று. பிறகு?

மிகவும் ஏலாமல் இருந்த ஒரு பிள்ளையை, புள்ளிக் கோட்டில் மிஸ்ஸி தன் துணிவில் ஒரு பெயரை எழுதிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். காலையில் போனவள் மத்தியானம் திரும்பி வந்தாள். மனம் பார்க்கிற டொக்டர் மாதத்தில் ஒருநாள் வெளியூரிலிருந்து வருகிறவராம். இந்த மாதம் பாதை பூட்டாம். அதைச் சொல்லும்போது அவள் ஏதோ தன்னுடைய பிழை மாதிரி என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள். போனாள்.

இரண்டு பேர் கிளினிக்குக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். ‘அங்க போனா அழ வைக்கினம்’ என்று சொன்னார்களாம். அதுவும் சரிதானே? எனக்கு அழ வைக்கத் தெரிந்திருக்கிறது. அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது, மிஸ்ஸிக்குத் தெரியாது, அந்தத் தாளுக்கும் தெரியாது.

பாராட்டு வந்தது பழைய தாள்களுக்கு. ஓம் ஓம் என்று நிரப்பிய புதிய தாள்கள் இன்னும் மேசை லாச்சிக்குள் இருக்கின்றன. அவற்றுக்கு என்ன வரும் என்று தெரியாது. "இனியும் இப்பிடியே இருக்க வேணும்," என்று ஐயா போகும்போது சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பத்திரத்தைச் சுவரில் மாட்டியாகிவிட்டது. வாங்குக்கு நேர் மேலே. நான்தான் ஆணி அடித்தேன். ‘ஒரு தாய்க்குக்கூட இல்லை’ என்ற வரி தூரத்தில் நின்றாலும் தெரிகிற மாதிரிப் பெரிய எழுத்து. அந்த ஒரு தாய்க்குள் தவமலரும் இருக்கிறாள். அவளுடைய காட்டை நான் இன்னும் ஒருவரிடமும் கொடுக்கவில்லை. பையோடு என்னிடம்தான் இருக்கிறது.

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு பேப்பர் கந்தோருக்குப் போனேன். முதல் பக்கத்தை அச்சுக்கு அடுக்கி முடித்திருந்தார்கள். இப்போது உங்கள் கையில் இருக்கிற பக்கம்தான், திருப்பிப் பாருங்கள். தலைப்பு: ‘திருகோணமலையில் பதற்றம் இல்லை.’

யாரைக் கேட்டார்களோ... எப்படிக் கேட்டார்களோ!